பொண்ணு சைக்கிள் ஓட்டினா என்ன ஆகும்? 130 வருஷத்துக் கதை

நீளமான த்ரெட். டீ ஒண்ணு வெச்சுக்கிட்டுப் படிங்க.

ராசிபுரம் பக்கம் ஓ.பி.யில் உட்காரும் எந்த டாக்டருக்கும் பழகிப்போன ஒரு கேள்வி உண்டு. காய்ச்சலுக்கோ வயித்து வலிக்கோ மகளைக் கூட்டிட்டு வர்ற அம்மா, மருந்துச் சீட்டை வாங்கின பிறகும் எழுந்திரிக்க மாட்டாங்க. குரலைத் தாழ்த்திக் கேப்பாங்க: "ஏனுங்க டாக்டரம்மா, புள்ள வயசுக்கு வந்து ஆறு மாசமாச்சுங்க. இன்னும் சைக்கிள்லயேதான் ஸ்கூலுக்குப் போறா. கர்ப்பப்பைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

ஆகாது. முதல்லயே சொல்லிடறேன், பாதியில விட்டுட்டுப் போறவங்களுக்கும் இது மட்டுமாவது போய்ச் சேரட்டும். கர்ப்பப்பை இறங்குவது பிரசவத்தால், அடுத்தடுத்த பிரசவத்தால், வருஷக்கணக்கா வெயிட் தூக்குவதால், தீராத இருமலால், மலச்சிக்கலால். சைக்கிளால் அல்ல. மாதவிடாய் நாளில் ஓட்டலாமா? உடம்பு ஒத்துழைச்சா தாராளமா ஓட்டலாம். "ஜவ்வு கிழிஞ்சிடுமா" என்று கேட்காமல் கேட்பவர்களுக்கும் பதில்: அந்தச் சவ்வு ஒவ்வொரு பெண்ணுக்கும் பிறப்பிலேயே ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி எந்த டாக்டராலும் எதுவும் சொல்ல முடியாது.

சரி, கதைக்கு வருவோம். இந்த பயம் நம்ம ஊர் அம்மாக்கள் மட்டும் சுமக்கிற பயம் இல்லை. இதையே 130 வருஷத்துக்கு முன்னாடி லண்டனிலும் சிகாகோவிலும் டாக்டர்களே பக்கம் பக்கமா எழுதி அச்சடிச்சிருக்காங்க.

1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தில் ரெண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள, செயின் வெச்ச சைக்கிளைக் கொண்டு வந்தார். 1888-ல் டன்லப் காத்தடிக்கிற டயர். அதுவரைக்கும் முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கும், ஏறவே தைரியம் வேணும். இப்போ பாவாடை கட்டினவங்களும் ஏறலாம்னு ஆச்சு. ஏறவும் செய்தாங்க. லட்சக்கணக்கில்.

உடனே எங்க ஆளுங்க கிளம்பிட்டாங்க. "சைக்கிள் முகம்" என்று ஒரு நோய் கண்டுபிடிச்சாங்க. சைக்கிள் ஓட்டினா முகம் சிவக்கும், கண் பிதுங்கும், தாடை இறுகும், அது நிரந்தரமா அப்படியே நின்னுடும், குறிப்பா பெண்களுக்கு. கூடவே கர்ப்பப்பை கெடும், பிள்ளை பிறக்காது, இருக்கை அழுத்தத்தால் ஒழுக்கம் கெடும். இது எல்லாமே 1890-களின் பத்திரிகைகளில் வந்தது. ஒரு நோயாளியைக்கூடக் காட்ட முடியாத நோய் அது. அதை எதிர்த்தும் ஒரு டாக்டர்தான் எழுதினாங்க. சிகாகோவின் சாரா ஹேக்கெட் ஸ்டீவன்சன், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். சைக்கிளால் உடம்பின் எந்தப் பகுதிக்கும் கேடில்லை, பொதுவா ஆரோக்கியம் கூடத்தான் செய்யுதுன்னு 1890-களிலேயே தெளிவாச் சொல்லிட்டாங்க. யார் கேட்டா?

சும்மா ஓட்டுவதற்கே இந்தப் பாடு. ரேஸ் ஓட்டணும்னு ஒருத்தி கிளம்பினா?

1924. இத்தாலியில் ஜிரோ தி இத்தாலியா. மூணு வாரம், 3,613 கி.மீ. அந்த வருஷம் பணத் தகராறில் பெரிய பெரிய வீரர்கள் வரலை. கூட்டம் சேர்க்க ஏதாவது வேணும் என்ற நிலையில் அமைப்பாளர்கள் ஒரு பேரைச் சேர்த்தாங்க: "அல்ஃபொன்சின் ஸ்ட்ராடா". கடைசி எழுத்தை விட்டுட்டா ஆணா பெண்ணான்னு தெரியாது. உண்மையான பேர் அல்ஃபொன்சினா ஸ்ட்ராடா. ஏழைக் குடும்பத்துப் பெண், அப்போ 33 வயசு.

ரோடுன்னா இன்னிக்கு நாமக்கல் நாலுவழிச் சாலை மாதிரி நினைச்சுக்காதீங்க. மண்ணும் சரளைக்கல்லும். மழையும் காத்துமா இருந்த ஒரு நாள், பெருஜியா போற வழியில், விழுந்து ஹேண்டில்பார் உடைஞ்சு போச்சு. ஒரு துடைப்பக் கட்டையை ஒடிச்சு சொருகிக் கட்டிக்கிட்டு ஓட்டி முடிச்சாங்க. ஆனா நேரம் தாண்டிடுச்சு. விதிப்படி வெளியேற்றம். அதே சமயம் ஜனங்க அவங்களைப் பாக்கத்தான் ரோட்டோரம் நிக்கிறாங்க, அதனால் "கணக்கில் சேராது, ஆனா ஓட்டிக்கோ" என்று விட்டாங்க. மிலான் வரைக்கும் ஓட்டினாங்க. கிளம்பினது 90 பேர். முடிச்ச ஆண்கள் 30 பேர். அவர்களோடு கணக்கில் சேராத ஒருத்தி.

அடுத்த வருஷம் அவங்களைச் சேர்த்துக்கலை.

இதுக்கு நடுவில் ஒலிம்பிக்கில் ஒரு கூத்து. 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓட்டம் முதல் முறையா நடந்தது. ஓடி முடிச்சுட்டு சிலர் மூச்சு வாங்கிக்கிட்டு கீழே படுத்தாங்க. 800 மீட்டர் ஓடினா யாரா இருந்தாலும் படுப்பாங்க! பெண்ணுடம்பு தாங்காதுன்னு சொல்லி அந்த ஓட்டத்தையே எடுத்துட்டாங்க. திரும்ப வந்தது 1960-ல். சைக்கிளிங் நிலைமை அதைவிட மோசம். ஆண்கள் சைக்கிளிங் 1896-ல் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே உண்டு. பெண்களுக்கு சைக்கிள் போட்டி வந்தது 1984 லாஸ் ஏஞ்சலஸில். 88 வருஷம்.

நடுவுல ஒரு வெளிச்சம்னா பெரில் பர்ட்டன். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள், அதனால கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். சின்ன வயசில் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் வர்ற ஒரு கிருமித் தொற்றுக்குப் பிறகு மூட்டையும் இதயத்தையும் தாக்குகிற நோய். நம்ம அரசு மருத்துவமனைகளில் 21 நாளுக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட வர்ற பிள்ளைகளைப் பாத்திருப்பீங்களே, அதே நோய்தான். மாசக்கணக்கில் ஆஸ்பத்திரி, அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் உடல்தேற்று இல்லம். உடம்பை வருத்திக்காதேன்னு டாக்டர் அறிவுரை. கணவர் சார்லிதான் சைக்கிள் பழக்கி விட்டார். பிழைப்புக்கு ரூபார்ப் தோட்டத்தில் கூலி வேலை. மண்வெட்டி பிடிச்ச கை, நம்ம பக்கத்து மரவள்ளிக் காட்டுப் பெண்கள் மாதிரி.

1967-ல் ஒரு 12 மணி நேரப் போட்டி. 12 மணி நேரத்தில் யார் அதிக தூரம் ஓட்டறாங்கன்னு கணக்கு. ஆண்களை முதலில் விட்டு, பெண்களைப் பின்னால் விட்டாங்க. அன்னிக்கு ஆண்களில் முன்னாடி போனவர் மைக் மெக்நமாரா, அவரும் ஆண்களுக்கான சாதனையை உடைக்கப் போற வேகத்தில்தான் போயிட்டிருந்தார். பர்ட்டன் பின்னாலிருந்து வந்து அவரைப் பிடிச்சாங்க. தாண்டும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினாங்க. அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கிட்டார். முடிவில் பர்ட்டன் 277.25 மைல், சுமார் 446 கி.மீ. மெக்நமாரா 276.52 மைல், அது ஆண்களுக்கான புது சாதனை. அதாவது ஆண்கள் சாதனை முறியடிக்கப்பட்ட அதே நாளில், அதே ரோட்டில், அதைவிட அதிகமா ஒரு பெண் ஓட்டியிருக்காங்க. பெண்கள் பிரிவில் அந்தத் தூரத்தை யாரும் தாண்ட 50 வருஷம் ஆச்சு.

மொத்தம் ஏழு உலகப் பட்டங்கள். ஆனா கடைசி வரை அமெச்சூர். ஒலிம்பிக்கில் பெண்கள் சைக்கிளிங் வந்த 1984-ல் அவங்களுக்கு வயசு 47.

இந்த இடத்தில் ரோடு ரேஸ்னா என்னன்னு கொஞ்சம் சொல்லணும். தனியா ஓட்டறப்ப சக்தியில் பெரும்பகுதி காத்தைக் கிழிக்கவே போயிடும். முன்னால ஒருத்தர் போனா, அவருக்குப் பின்னால ஒட்டிப் போறவருக்கு கால்வாசியோ அதுக்கு மேலயோ சக்தி மிச்சம். லாரிக்குப் பின்னாடி ஒட்டி சைக்கிள் ஓட்டின பசங்களுக்கு இது தெரியும் (தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அந்தக் கேஸ்களுக்குத் தையல் போடுறது நாங்கதான்). அதனால ரோடு ரேஸ் ஒரு அணி விளையாட்டு. ஆறேழு பேர் காத்தை வாங்கிக்கிட்டு ஒரு தலைவியைக் காப்பாத்தி, கடைசி மலையடிவாரத்தில் கொண்டு போய் விடணும். அணின்னா சம்பளம், மெக்கானிக், கார், மசாஜ், டாக்டர், சாப்பாடு எல்லாம் வேணும். ஆக இதில் பணம் இல்லாமல் திறமை மட்டும் வெச்சு மேல வர்றது ரொம்பக் கஷ்டம். பெண்கள் சைக்கிளிங் நூறு வருஷமா மாட்டிக்கிட்டது இங்கேதான். முதலில் "உடம்பு தாங்காது" என்றாங்க. அது பொய்னு நிரூபணமானதும் "பார்க்க ஆள் இல்லை, காசு இல்லை" என்றாங்க.

1984-ல் டூர் தெ ஃபிரான்ஸ் அமைப்பாளர்களே பெண்களுக்கும் ஒரு டூர் நடத்தினாங்க. 18 நாள் ஓட்டம், சுமார் 1,000 கி.மீ. ஆண்கள் வர்றதுக்குச் சில மணி நேரம் முன்னாடி அதே ரோடு, அதே மலை, பாரிஸில் அதே முடிவுக்கோடு. ஜெயிச்சவர் அமெரிக்காவின் மரியான் மார்ட்டின். அவருக்குக் கிடைச்சது ஒரு கோப்பையும் ஏறத்தாழ ஆயிரம் டாலரும். ஆண்களில் ஜெயிச்ச லோரான் ஃபினியோனுக்கு ஒரு லட்சம் டாலருக்கும் மேல். 1989-க்குப் பிறகு அந்த டூரும் நின்னு போச்சு. வேறு சிலர் தனியா நடத்தினாங்க. "டூர்" என்ற பேர் எங்களுக்குச் சொந்தம்னு சிக்கல் வந்து, 1998-ல் பேரையே மாத்த வேண்டியதாச்சு. 2009-ல் நாலே நாள் ஓட்டமா சுருங்கி, அதோடு அதுவும் போச்சு.

இப்ப ஒரு திருப்பம். பிரான்ஸில் 36 பெண்கள் டூர் ஓட்டினதுக்கு ஏழெட்டு வருஷம் கழிச்சு, பெண்களோட பெரிய சைக்கிள் கூட்டம் ஒண்ணு எங்கே கிளம்பியிருக்கும்னு நினைக்கிறீங்க?

நம்ம புதுக்கோட்டையில்.

1991-ல் அறிவொளி இயக்கம். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு சொல்லித்தர தொண்டர்கள் ஊர் ஊரா சாயங்காலம் போகணும். பெரும்பாலும் பெண்கள். பஸ் இல்லை, அண்ணனோ தம்பியோ கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு. அப்ப சைக்கிள் பழகுவதையே எழுத்தறிவுத் திட்டத்தின் ஒரு பகுதியா சேர்த்தாங்க. வாடகை சைக்கிள், ஞாயித்துக்கிழமை மைதானம், ஒருத்தி பிடிச்சுக்க ஒருத்தி ஓட்டுவா. சைக்கிள் வாங்கக் கடன் ஏற்பாடும் நடந்தது. லேடீஸ் சைக்கிள் கடையில் தீர்ந்து போய், பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கிட்டுப் போனாங்க. முத்து பாஸ்கரன் எழுதின சைக்கிள் பாட்டு மாவட்டம் முழுக்கக் கேட்டது. கேலி, கெட்ட பேச்சு, "குடும்பப் பொண்ணு செய்யற வேலையா" எல்லாம் வந்தது. அறிவொளிக்காரங்க கண்டுக்கலை.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய் எழுதினார். பத்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை விட்டுட்டுப் பாத்தா, மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் கால்வாசிக்கும் மேல் சைக்கிள் கத்துக்கிட்டாங்க என்பது அவர் கணக்கு. அதில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவங்க பொது இடத்தில் நடந்த சைக்கிள் காட்சிகளிலும் போட்டிகளிலும் கலந்துக்கிட்டாங்களாம். திரும்பப் படிங்க: எழுபதாயிரம். விவசாயக் கூலி, கல்குவாரித் தொழிலாளி, கிராம நர்ஸ், பால்வாடி டீச்சர், பள்ளிப் பிள்ளைங்க. அவருடைய அந்தக் கட்டுரை என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடமாவே ஆச்சு. உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்குத் தெரிஞ்ச புதுக்கோட்டைக் கதை நம்ம ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிராமத்துப் பெண் தானா கிளம்பி, தானா போய், தானா திரும்பி வர்றதுக்குக் கிடைச்ச வண்டி அது. தண்ணிக் குடம், பால் கேன், பிள்ளை, விறகு எல்லாம் ஏறின வண்டி. எனக்கு இதில் மருத்துவக் கணக்கும் தெரியுது. தன் காலில் தன் நேரத்துக்கு ஆஸ்பத்திரி வர முடிஞ்ச பெண்ணுக்கும், கூட்டிட்டு வர ஆம்பளை எப்போ சும்மா இருப்பான்னு காத்திருக்கிற பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை தினமும் பாக்கிறேன்.

அப்புறம் 2000-களில் தமிழ்நாடு அரசின் விலையில்லா மிதிவண்டி. முதலில் பட்டியலின மாணவிகளுக்கு ஆரம்பிச்சு, பின்னாடி அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைங்க எல்லாருக்கும்னு விரிஞ்சது. 2006-ல் பீகார் இதே மாதிரி ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குக் கொடுத்தது. அதை முரளிதரன், பிரகாஷ் என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் முறையா ஆராய்ஞ்சு 2017-ல் வெளியிட்டாங்க: உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைங்க 32 சதவீதம் கூடினாங்க, ஆண்-பெண் சேர்க்கை இடைவெளி 40 சதவீதம் குறைஞ்சது. ஒரு சைக்கிளுக்கு இந்த வேலை பெரிய வேலை.

சரி, ஓட்டத் தெரிஞ்ச பெண்கள் இத்தனை பேர். வருஷா வருஷம் புது சைக்கிள். இதிலிருந்து ரேஸுக்கு எத்தனை பேர் போனாங்க?

இதைச் சொல்ல முன்னாடி உலகத்தில் அதுக்குள்ள என்ன மாறிடுச்சுன்னு பாத்துடுவோம், ஏன்னா கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மாறினது அதுக்கு முந்தின நூறு வருஷத்தைவிட அதிகம்.

2013-ல் எம்மா பூலி, மரியானே வோஸ் உள்ளிட்ட நாலு வீராங்கனைகள் பெண்களுக்கும் டூர் வேணும்னு மனு போட்டாங்க. ஒரு லட்சத்தை நெருங்கி கையெழுத்து. 2014-ல் ஒரே ஒரு நாள் ரேஸ் கொடுத்தாங்க. 2020-லிருந்து முதல்நிலைப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் மகப்பேறு விடுப்பும் கட்டாயம். வருஷத்துக்கு 15,000 யூரோவில் ஆரம்பிச்சு 2023-ல் 32,102 யூரோ, நம்ம கணக்கில் சுமார் 28 லட்சம். 2021-ல் பாரிஸ்-ரூபே ரேஸ் முதல் முறையா பெண்களுக்கு. ஆண்களுக்கு அது 1896 முதல் நடக்குது. பழைய கருங்கல் பாவின ரோட்டில் மழையில் ஓட்டணும், எலும்பு ஆடும். ஜெயிச்ச லிஸி டைக்னன் ஏற்கெனவே ஒரு குழந்தைக்குத் தாய். கையுறை போடாம ஓட்டி, முடிவில் ஹேண்டில்பாரில் ரத்தம். பரிசு 1,535 யூரோ. மறுநாள் ஆண்களில் ஜெயிச்சவருக்கு 30,000. நம்ம பணத்தில் 1.3 லட்சத்துக்கும் 26 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம். அவரோட அணியே மீதியைக் கையிலிருந்து போட்டுச்சு.

2022-ல் உண்மையான டூர் தெ ஃபிரான்ஸ் ஃபெம் வந்தாச்சு, எட்டு நாள். ஜெயிச்சவர் நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இறக்கத்தில் விழுந்து முதுகெலும்பில் மூணு முறிவு வாங்கினவர். 39 வயசில் டூர் ஜெயிக்கிறார். 2024-ல் எட்டு கட்டம் ஓட்டினதுக்கு அப்புறம் போலந்தின் காஸியா நியவியடோமா ஜெயிச்ச வித்தியாசம் நாலே நாலு விநாடி. நீங்க இந்த வரியைப் படிக்கிற நேரம். 2025-ல் ஒன்பது நாள், பிரான்ஸின் பொலின் ஃபெரான்-பிரெவோ.

எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்லை. மேல்மட்ட அணிகளுக்குத்தான் அந்தச் சம்பள விதி. கீழ்நிலை அணிகளில் இன்னிக்கும் சம்பளமே இல்லாமல் வேற வேலை பாத்துக்கிட்டு ஓட்டறவங்க இருக்காங்க. டோக்கியோ ஒலிம்பிக் ரோடு ரேஸில் தங்கம் வாங்கின ஆஸ்திரியாவின் ஆன்னா கீசன்ஹோஃபர் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கின ஆராய்ச்சியாளர். அப்போ எந்தத் தொழில்முறை அணியோடும் ஒப்பந்தம் இல்லை. கொடி அசைச்ச உடனே முன்னாடி பாய்ஞ்சு, 137 கி.மீ. முடிவு வரை பிடி கொடுக்கலை. ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது. பின்னால் வந்த வான் ஃப்ளூட்டன் தான்தான் முதல்னு நினைச்சு கையைத் தூக்கிக் கொண்டாடினார், அது வெள்ளி. அதே ஒலிம்பிக்கில் ஆண்களுக்குத் தூரம் 234 கி.மீ. அந்த நூறு கி.மீ. வித்தியாசத்துக்கு எந்த மருத்துவப் பாடப்புத்தகத்திலும் காரணம் கிடையாது. தனிநபர் நேர ஓட்டத்தை பாரிஸ் 2024-ல் சமமாக்கிட்டாங்க, ரெண்டு பேருக்கும் 32.4 கி.மீ. யாருக்கும் கர்ப்பப்பை இறங்கலை.

மொரிஷியஸ்னு ஒரு தீவு. நம்ம தமிழர்களும் இருக்கிற ஊர்தான். மக்கள்தொகை நம்ம நாமக்கல் மாவட்டத்தைவிடக் குறைவு. அங்கிருந்து கிம் லெ கோர்ட் என்ற பெண் போய் 2025-ல் டூரில் மஞ்சள் சட்டை போட்டார், ஒரு நாள் ஓட்டத்தையும் ஜெயிச்சார்.

இந்தியா? ஒலிம்பிக் சைக்கிளிங்கில் நாம கடைசியாக் கலந்துக்கிட்டது 1964. இந்தியப் பெண் ஒருத்தர்கூடப் போனதில்லை. மைதானத்தில் ஓட்டும் டிராக் பிரிவில் அந்தமானின் டெபோரா ஹெரால்ட் மாதிரி நல்ல வீராங்கனைகள் வந்தாங்க. சின்னப் பிள்ளையா இருக்கும்போது 2004 சுனாமியில் மரத்தைப் பிடிச்சுப் பிழைச்சவர். ரோடு ரேஸில் மேல்மட்டத்தில் நமக்கு ஆள் இல்லை. 2022-ல் ஸ்லோவேனியாவில் பயிற்சி முகாமில் இருந்த ஓர் இந்திய வீராங்கனை, தலைமைப் பயிற்சியாளர் தகாத முறையில் நடந்துக்கிட்டார்னு புகார் கொடுத்தாங்க. அணியைத் திருப்பிக் கூப்பிட்டு, அவரோட ஒப்பந்தத்தை ரத்து செஞ்சாங்க. பிள்ளையை அனுப்பத் தயங்குகிற பெற்றோரைக் குறை சொல்லும் முன்னாடி இதையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

இப்ப ஊருக்கு வர்றேன். நம்ம ஊர்ல பெண்கள் ரோடு ரேஸ் நடக்குது தெரியுமா? வருஷா வருஷம், ஒவ்வொரு மாவட்டத்திலும், அரசே நடத்துது. செப்டம்பரில் அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டி. 13, 15, 17 வயசுக்கு உட்பட்டவங்கன்னு மூணு பிரிவு. 13-க்கு உட்பட்ட பையன்களுக்கு 15 கி.மீ., பொண்ணுங்களுக்கு 10. அதுக்கு மேல பையன்களுக்கு 20, பொண்ணுங்களுக்கு 15. இந்தியாவில் செஞ்ச சாதாரண சைக்கிள்தான், கியர் எல்லாம் கூடாது. முதல் பரிசு 5,000, அடுத்து 3,000, 2,000. கவனிச்சீங்களா, பாரிஸ்-ரூபேல இல்லாத ஒண்ணு இங்கே இருக்கு: பரிசுப் பணம் பையனுக்கும் பொண்ணுக்கும் ஒண்ணுதான். தூரத்தில்தான் இன்னும் 1928 ஓடுது. பத்து கி.மீ. தள்ளி இருக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போக வர ஓட்டற பிள்ளைக்கு ரேஸ்ல 15 கி.மீ. போதும்னு முடிவு பண்ணினது யாரோ.

17 முடிஞ்சா? ஒண்ணும் இல்லை. சைக்கிள் அப்பாவோட தோட்டத்துக்குப் போயிடும், இல்லைன்னா தம்பிக்கு. பிள்ளை காலேஜ் பஸ்ஸில் ஏறிடும், இல்லைன்னா ஸ்கூட்டி. நம்ம பகுதி ரெசிடென்ஷியல் பள்ளிகளில் மார்க்குக்காகச் சேர்த்த பிள்ளைக்கு அந்த ரெண்டு வருஷ சைக்கிளும் கிடையாது, காலையில் அஞ்சு மணிக்கு ஸ்டடி. ஸ்கூட்டியைக் குறை சொல்லலை, அது புதுக்கோட்டை சைக்கிளின் பேத்திதான். ஆனா டூர் தெ ஃபிரான்ஸில் பேர் போன ஆல்ப் துவே மலைக்கு 21 கொண்டை ஊசி வளைவு, அதுக்கு உலகமே போய் நிக்குது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. இப்படி ஒரு மலையை ராசிபுரத்துக்குப் பக்கத்தில் வெச்சுக்கிட்டு, அதில் ஏற ஒரு பொண்ணைப் பழக்காம இருக்கோம்.

டாக்டரா எனக்கு இருக்கிற கவலை வேற. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்கள் சைக்கிளிங்கில் 1990-களில் என்ன நடந்தது தெரியுமா? இ.பி.ஓ. என்ற ஊசியைத் திருட்டுத்தனமா போட்டு ரத்தத்தில் சிவப்பணுவை ஏத்திக்கிட்டாங்க. 1997-ல் சங்கம் ஒரு வரம்பு வெச்சது: ரத்தத்தில் சிவப்பணு அளவு ஆண்களுக்கு 50 சதவீதம், பெண்களுக்கு 47, அதுக்கு மேல போனா ஓட்டக்கூடாது. என் ஓ.பி.யில் ஹீமோகுளோபின் 8 இருக்கிற பிள்ளைக்கு அந்த அளவு சுமார் 24. உலகம் 47-ஐத் தாண்டாதேன்னு சொல்லுது, நம்ம பிள்ளை 24-ஐ வெச்சுக்கிட்டு எதிர்காத்துல பள்ளிக்கூடம் போயிட்டு வர்றா. "மூச்சு வாங்குது, சைக்கிளை நிறுத்திடட்டுமா"ன்னு கேட்டா, நிறுத்த வேண்டியது சைக்கிளை இல்லை. பூச்சி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, கீரை, முட்டை. நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்குப் பஞ்சமுன்னு யாரும் சொல்ல முடியாது. இரும்பு மாத்திரையை டீயோட போடாதீங்க, மலம் கறுப்பாப் போனா பயப்படாதீங்க.

தீவிரமாப் பழகும் பிள்ளைகளுக்கு ஒண்ணு. சாப்பாட்டைக் குறைச்சு ஓட்டத்தைக் கூட்டினா மாதவிடாய் நின்னு போகலாம், எலும்பு மெலியலாம். இது உலக அளவிலும் இன்னிக்குப் பெரிய பிரச்சினை. எடை குறைஞ்சா மலை ஏறச் சுலபம்னு வீராங்கனைகள் பட்டினி கிடக்கிறாங்க. மூணு மாசம் தேதி வரலைன்னா "ரேஸ் ஓட்டறா, அப்படித்தான்"னு விடாம காட்டுங்க. உட்கார்ற இடத்தில் புண், வீக்கம் வந்தா வெக்கப்பட வேண்டாம், சீட்டு உயரமும் அகலமும் சரியில்லைன்னு அர்த்தம். பெண்ணுக்கு இடுப்பெலும்பு அகலம், கொஞ்சம் அகலமான சீட்டு மாத்தினாலே பாதி சரியாயிடும். ஹெல்மெட் போடுங்க. துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக் கட்டுங்க, பின்சக்கரத்தில் சிக்கிக் கழுத்து அறுபட்டவங்களைப் பாத்திருக்கோம்.

அண்ணா போட்டிக்குச் சேர்க்கணும்னா ஆகஸ்ட் கடைசியிலேயே பள்ளியின் பி.இ.டி. டீச்சரைக் கேளுங்க, இல்லைன்னா நாமக்கல்லில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தைக் கேளுங்க. வயசுச் சான்று தலைமையாசிரியர்கிட்ட வாங்கிக்கணும். சைக்கிள் நாமதான் கொண்டு போகணும். முந்தின நாளே பிரேக்கையும் செயினையும் ஒரு தடவை பாத்துடுங்க.